இல்லத்து நாயும் அதன் நித்திய நியமமும்

நாயை வீட்டில் வைத்துப் போஷிப்பவர்கள் யாவரும் அதன்மீது பிரியம் உடையவர்களே; பிரியம் இல்லாதவர் அந்தப் பொறுப்பை ஏற்க முன்வருவதே இல்லை. ஆயினும் பிரியத்துக்குக் குறைவில்லாத பல வீடுகளில், நாய் இரவெல்லாம் குரைத்துக்கொண்டிருப்பதையும், தட்டில் வைத்த உணவை முகர்ந்துவிட்டு விலகுவதையும், கூடத்தின் நடுவே அசுத்தம் செய்வதையும், வாசலுக்கு வருபவர்மீதெல்லாம் பாய்வதையும், உடம்பைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதையும் நாம் காண்கிறோம். அத்தகைய வீடுகளின் நடைமுறையைச் சற்று உற்றுநோக்கினால், ஒரு நாள் காலை ஆறு மணிக்கு உணவு, மறுநாள் பத்து மணிக்கு உணவு. ஒரு நாள் கட்டிலின்மேல் ஏறலாம், மறுநாள் ஏறினால் அடி. ஒரு வாரம் தவறாமல் உலா, அடுத்த வாரம் ஒரு நாளும் இல்லை என்று, எல்லாக் காரியங்களும் வீட்டாரின் அப்போதைய மனோநிலையை ஒட்டியே நடந்துவருவது தெரியும். நாய்க்கு நாம் செய்யக்கூடிய உபகாரங்களுள் தலையாயது அதன் ஒவ்வொரு நாளையும் ஓர் ஒழுங்குக்கு உட்படுத்திக் கொடுப்பதே. அவ்வொழுங்கை வைகறை முதல் இரவு வரையிலும், குட்டிப் பருவம் முதல் முதுமை வரையிலும் எவ்வாறு அமைப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

நாய் கடிகாரத்தை அறியாது. ஆனால் வீட்டில் நிகழ்வனவற்றின் வரிசையை மிக நுட்பமாக அறியும். எசமானர் செருப்பை மாட்டும் ஓசைக்கும் உலாவுக்கும் உள்ள தொடர்பையும், பாத்திரம் கழுவும் ஓசைக்கும் தன் உணவுக்கும் உள்ள தொடர்பையும் அது சில தினங்களிலேயே கண்டுகொள்கிறது. ஜீரண உறுப்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்ற ருஷிய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், உணவுக்கு முன் ஏதேனும் ஓர் அடையாளம் இடைவிடாது வந்துகொண்டிருக்குமாயின், உணவு வருமுன்னரே அந்த அடையாளத்தின்பேரில் நாயின் வாயில் உமிழ்நீர் சுரக்கிறது என்பதைச் சோதனைகளால் நிலைநாட்டினார். ஆகவே, குறித்த வேளையில் குறித்த இடத்தில் உண்ணும் நாயின் உடம்பு உணவைக் காணுமுன்பே அதனை ஏற்க ஆயத்தமாகிறது. உண்ணும் வேளை நிலைபெற்றால் மலஜலம் கழிக்கும் வேளையும் நிலைபெறுகிறது. அது நிலைபெற்றால் வீடு சுத்தமாயிருக்கிறது. வீடு சுத்தமாயிருந்தால் வீட்டாருக்கு நாயின்மீது சலிப்பு உண்டாவதற்கு இடமில்லாமற் போகிறது.

இருப்பிடம்

வீட்டில் நாய்க்கென்று ஓர் இடம் வேண்டும். அது குடும்பத்தார் நடமாடுவதை நாய் பார்க்கக்கூடிய இடமாகவும், அதே சமயம் ஒருவரும் அதனைத் தாண்டிச் செல்ல வேண்டாத மூலையாகவும், பிற்பகல் வெயிலும் மழைச் சாரலும் படாததாகவும் இருத்தல் அவசியம். தாழ்வாரத்தின் ஒரு கோடியோ, கூடத்தின் ஒரு மூலையோ இதற்குப் போதும். நான்காக மடித்த பழைய போர்வையோ, உள்ளே துணி வைத்துத் தைத்த சாக்கோ படுக்கையாகலாம். அதனை வாரம் ஒருமுறை கொதிநீரில் துவைத்து, கடும் வெயிலில் உலர்த்தவேண்டும். நாய் அங்கே படுத்திருக்கும்போது அதனை எழுப்புவதோ, தொட்டு விளையாடுவதோ கூடாது என்பதை வீட்டிலுள்ள எல்லோரும், முக்கியமாகக் குழந்தைகள், ஒரு விதியாகவே கொள்ளவேண்டும். வளர்ந்த நாய் ஒரு நாளின் பாதியளவு நேரத்தையும், குட்டி அதனினும் மிகுதியான நேரத்தையும் உறக்கத்தில் கழிப்பது இயல்பு.

மொட்டைமாடியிலே நாயை விட்டுவிட்டு, இருவேளை உணவை மேலே கொண்டுபோய் வைப்பதைச் சிலர் வளர்ப்பு என்று எண்ணுகிறார்கள். கூட்டமாக வாழும் சுபாவமுடைய ஒரு பிராணியைத் தனிமையிலும் வெயிலிலும் விடுவது அதனை வருத்துவதே அன்றி வேறன்று. அவ்வாறு வளரும் நாய், தெருவில் போகும் ஒவ்வொருவரையும் பகைவராகவே கருதிக் குரைத்து, நாளடைவில் யாராலும் அடக்கமுடியாததாகி விடுகிறது.

குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரங்கள் நிறையுமுன் பிரித்துக் கொணர்தல் தகாது. கடித்து விளையாடும்போது எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கலாம் என்பதைக் குட்டி, தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமுமே கற்றுக்கொள்கிறது. அந்தக் கல்வியை இழந்த குட்டி பின்னர்க் குழந்தைகளின் கையை வலிக்கும்படி கடிக்கும். வீட்டுக்கு வந்த முதற் சில இரவுகளில் குட்டி அழுவது அச்சத்தினாலேயே. அப்போது அதனைப் பூட்டிய அறையில் தனித்து விடாமல், யாரேனும் ஒருவர் படுக்கும் இடத்துக்கு அருகில் அதன் படுக்கையை இட்டு, அழுகை அடங்கியபின் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நிலையான இடத்துக்கு நகர்த்திச் செல்வது நலம்.

வைகறையும் உலாவும்

நாயின் நாள் விடியற்காலையில் தொடங்கட்டும். எழுந்தவுடன், மனிதருடைய காப்பிக்கும் செய்தித்தாளுக்கும் முன்பாக, அதனைப் புழக்கடைக்கோ வெளியிலோ அழைத்துச் சென்று மலஜலம் கழிக்கச் செய்வது முதற் கடமை. குட்டியாயின், உறங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் என்று இம்மூன்று சமயங்களிலும் தவறாமல் ஒரே இடத்துக்கு எடுத்துச் செல்லவேண்டும். அங்கே காரியம் முடிந்த அக்கணமே பாராட்டி, சிறு துண்டு உணவும் கொடுத்தால், அந்த இடத்தின் பயனை அது விரைவில் உணர்ந்துகொள்ளும். வீட்டினுள் அசுத்தம் செய்துவிட்ட குட்டியின் மூக்கை அதிலே தேய்ப்பதும், நெடுநேரம் கழித்துக் கண்டுபிடித்து அடிப்பதும் பயனற்ற கொடுமை. முன்பு செய்ததற்காகவே இப்போது அடி விழுகிறது என்று இணைத்துப் பார்க்க அதற்கு இயலாது, எசமானரின் கை அடிக்கும் கை என்பது ஒன்றையே அது கற்றுக்கொள்ளும். அசுத்தமான இடத்தை நன்கு கழுவி, வாசனை முற்றும் நீங்குமாறு துடைத்துவிடுவதே உரிய பரிகாரம். வாசனை எஞ்சியிருந்தால் நாய் மீண்டும் அவ்விடத்தையே நாடும்.

உலாவுக்குக் காலை ஏழு மணிக்கு முன்பும், மாலை வெயில் தணிந்த பின்பும் உரிய வேளைகள். நம் நாட்டுக் கோடையில் தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் அந்திவரை சூட்டை வைத்திருக்கும். புறங்கையைச் சில விநாடி தரையில் வைத்துப் பார்த்து, அது பொறுக்கமுடியாததாயின், நாயின் பாதத்துக்கும் அது பொறுக்கமுடியாததே என்று அறிந்து திரும்பிவிடவேண்டும். உலாவின் நோக்கம் தூரத்தைக் கடப்பது மட்டும் அன்று. நாய்க்கு உலகம் பெரும்பாலும் வாசனையினாலேயே தெரிகிறது. கம்பத்தின் அடியையும் வேலியின் ஓரத்தையும் அது முகர்ந்து நிற்கும்போது அவசரப்பட்டு இழுக்காமல் பொறுத்திருப்பவர், அதன் மனத்துக்கும் வேண்டிய பயிற்சியைத் தருகிறார். தெருவில் எப்போதும் வார் பிடித்தே நடத்துக. நம் தெருக்களில் வாகனமும், பிற நாய்களும், நாயைக் கண்டு அஞ்சும் மனிதரும் உண்டு. அது கழிக்கும் மலத்தைத் தாளிலோ பையிலோ எடுத்து அகற்றுவதும் வளர்ப்பவரின் கடமையே.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நம் நாட்டு இனங்களை விரும்பி வாங்குவோர் இந்நாளில் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது; ராஜபாளையம் நாயின் உருவம் பொறித்த தபால் தலையை இந்திய அஞ்சல் துறை 2005-ல் வெளியிட்டுச் சிறப்பித்தது. ஆனால், இவை வேட்டைக்கும் காவலுக்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டவை. சிப்பிப்பாறையும் கன்னியும் காற்றெனப் பாயும் முயல்வேட்டை நாய்கள். அடுக்குமாடி வீட்டில் நாள் முழுதும் கட்டிவைத்து, ஐந்து நிமிஷம் கீழே இறக்கிக் கொணர்ந்தால் இவை வாடிவிடும். வேலியிட்ட மைதானமோ தோப்போ கிடைத்து, அங்கே நித்தமும் ஓடவிடக்கூடியவர்களே இவற்றை ஏற்பது நியாயம்.

சங்கிலியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. மதுரையிலே பிறந்து கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராயிருந்தபோது பிராணிகளின் வதையைத் தடுக்கத் தனி மசோதா ஒன்றைக் கொணர்ந்து வாதாடினார். அம்முயற்சியைத் தொடர்ந்து 1960-ல் நிறைவேறிய சட்டம், அளவுக்கு மிஞ்சிக் குறுகிய அல்லது கனத்த சங்கிலியால் பிராணியை நெடுநேரம் பிணிப்பதையும், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்கு நியாயமான உடற்பயிற்சி அளிக்கத் தவறுவதையும் குற்றங்களாகவே வகுத்திருக்கிறது. எனவே, உலா என்பது எசமானரின் விருப்பத்தைப் பொறுத்த சலுகை அன்று. நாய்க்கு உரிய பாத்தியதை.

ஆகாரம்

எட்டு வாரக் குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு வேளையும், நான்கு மாதத்துக்குப் பின் மூன்று வேளையும், ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளையும் உணவளிப்பது பொதுவான முறை. தட்டை வைத்துச் சுமார் இருபது நிமிஷம் கழித்து, மிஞ்சியதை எடுத்துவிடவேண்டும். நாள் முழுதும் தட்டு நிறைந்திருந்தால் உணவு புளித்துப்போவதோடு, பசியின் ஒழுங்கும் கெட்டுவிடும். குடிநீர் மாத்திரம் எந்நேரமும் இருக்கவேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் ஐம்பது மில்லி வீதம் நாய்க்குத் தினமும் தண்ணீர் தேவை. கோடையில் அது இன்னும் கூடும். கவிழாத கனமான பாத்திரத்தில், நாளுக்கு இருமுறையேனும் மாற்றி ஊற்றுக.

நம் வீடுகளில் பழக்கமாக இடப்படும் தயிர்ச் சாதமும் பால் சாதமும் வயிற்றை நிரப்புமேயன்றி, தசையும் எலும்பும் வளர வேண்டிய புரதத்தைப் போதுமான அளவு தருவதில்லை. சோற்றோடும் கேழ்வரகுக் களியோடும், உப்பும் காரமும் இன்றி வேகவைத்த கோழி, மீன், முட்டை ஆகியவற்றுள் ஒன்றைத் தாராளமாகச் சேர்க்கவேண்டும். முள்ளையும் எலும்பையும் நீக்கிவிடுக. வேகவைத்த பூசணி, காரட், பீன்ஸ் ஆகியவையும் சிறிதளவு சேரலாம். மாமிசம் சமைக்காத வீட்டார், நாயையும் தம் ஆசாரப்படியே வளர்க்க விரும்புவாராயின், கால்நடை வைத்தியரைக் கலந்து, புரதமும் தாதுப்பொருள்களும் குறையாதவாறு திட்டமிட்ட உணவைக் கொடுத்தால் ஒழிய, அது நாயின் ஆரோக்கியத்துக்குக் கேடாகவே முடியும். வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பால் ஜீரணமாவதில்லை. பேதி கண்டால் பாலை நிறுத்திவிட்டு, தயிரோ மோரோ கொடுத்துப் பார்க்கலாம்.

விலா எலும்பைத் தடவிப் பார்த்து எளிதில் உணரமுடிந்தால் உடம்பு அளவாயிருக்கிறது. உணரவே முடியாத அளவு கொழுப்பு மூடியிருந்தால் உணவைக் குறைக்கவேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான இனங்களுக்கு விலா சற்றே கண்ணுக்குத் தெரிவது இயல்பு. அதனை மெலிவு என்று எண்ணி உணவைத் திணிப்பது தவறு. மார்பு ஆழமாக அமைந்த பெரிய நாய்களை உண்ட உடனே ஓடவிட்டால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டாதலால், உண்டபின் ஒரு மணி நேரமேனும் ஓய்வில் விடுக.

ஆகாத பொருள்கள்

வீட்டார் உண்ணும்போது தம் இலையிலிருந்து ஒரு பிடியை நாய்க்கு எறிவது பிரியத்தின் அடையாளமாகக் கருதப்படுகிறது. ஆயினும் நம் சமையலறையில் உள்ள பல பொருள்கள் நாய்க்கு விஷமாவதை அறிந்தவர் அவ்வாறு செய்யத் துணியார். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். ஆதலால் சாம்பார் சாதமும் குழம்புச் சாதமும் அடியோடு விலக்கத்தக்கவை. திராட்சையும், பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் இடும் உலர்ந்த திராட்சையும், சில நாய்களின் சிறுநீரகத்தைச் சிறிய அளவிலேயே பழுதாக்கிவிடும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற சத்து நாயின் உடம்பிலிருந்து மெதுவாகவே நீங்குவதால், இருதயத்தையும் நரம்பையும் தாக்கும். சர்க்கரைக்குப் பதிலாகச் சில மிட்டாய்களிலும் சூயிங்கத்திலும் சேர்க்கப்படும் சைலிட்டால் மிகக் கொடியது. அது இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் திடீரென்று வீழ்த்திவிடும். சமைத்த கோழி எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்திக்கொள்ளும்.

இவற்றினும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய விஷயம், மனிதருக்கான மருந்து. நாய்க்குக் காய்ச்சல் என்று நாமாகவே பாரசிட்டமால் மாத்திரையையோ, வலி என்று ஐபுப்ரோஃபென் மாத்திரையையோ கொடுப்பது அதன் உயிருக்கே ஆபத்தாக முடியும். மேலும், நாயின் இயல்பான உடற்சூடு ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்குமாதலால், தொட்டால் நம்மைவிடச் சுடுவதை மாத்திரம் கொண்டு காய்ச்சல் என்று முடிவுசெய்யலாகாது.

தேக சுத்தம்

மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நீராட்டினால் பெரும்பாலான நாய்களுக்குப் போதும். நாயின் தோலின் தன்மை மனிதத் தோலினின்று வேறுபட்டதாகையால், நாம் தேய்த்துக்கொள்ளும் சோப்பு அதற்கு வறட்சியையும் அரிப்பையும் உண்டாக்கும். நாய்க்கென்றே செய்யப்பட்ட ஷாம்புவை உபயோகித்து, நுரை சிறிதும் தங்காமல் அலசி, காதுக்குள் நீர் புகாதவாறு காத்து, வெயில் வேளையில் துவட்டி உலர்த்துக. நீராட்டுவதைக் காட்டிலும் அவசியமானது தினந்தோறும் சீப்பால் வாருவதே. வாரும்போது காதுமடல், கால்விரல்களின் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும். உண்ணி ஒளிந்துகொள்ளும் இடங்கள் இவையே.

நம் நாட்டு உஷ்ணத்தில் நாய்க்கு நிரந்தரச் சத்துரு இந்த உண்ணி. இரத்தத்தை உறிஞ்சுவதோடு நில்லாமல், எர்லிக்கியா, பபேசியா என்னும் நோய்க்கிருமிகளையும் அது உடம்பினுள் செலுத்துகிறது. நாய் திடீரென்று உணவை வெறுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் கசிந்து சோர்ந்தால், உடனே இரத்தப் பரிசோதனை செய்விக்கவேண்டும். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயின் உடம்பிலிருந்து கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. ஆகையால், நாயின் உடம்புக்கு வைத்தியர் சொன்ன மருந்தை இட்டுவிட்டு, படுக்கையையும் சுவர் இடுக்குகளையும் கவனியாது விடுபவர் பாதி வேலையையே செய்தவராகிறார். உடம்பில் பற்றிய உண்ணியைத் தோலுக்கு மிக அருகில் இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுக்கவேண்டும். விரலால் நசுக்குவதும் நெருப்பால் சுடுவதும் கூடா.

நகம் தரையில் உரசி ஓசை எழுப்பினால் வெட்டும் காலம் வந்துவிட்டது என்று கொள்க. நகத்தினுள் ஓடும் இரத்தக்குழாயைத் தவிர்த்து, நுனியை மாத்திரம் நறுக்குக. வளர்ந்த நாய்க்கு நாற்பத்திரண்டு பற்கள் உண்டு. அவற்றை நாய்க்கான பற்பசை கொண்டு வாரம் சில முறையேனும் தேய்த்துவந்தால், முதுமையில் வாய் நாற்றமும் பல் இழப்பும் பெரிதும் தவிரும்.

பெயரும் பயிற்சியும்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், கள்வரைக் கடித்து அது நின்ற செய்தியையும் எழுத்திலே பொறித்து வைத்திருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு உரிய மரியாதையையும் கொடுத்தவர்கள் நம் முன்னோர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பெயர் குறுகியதாக, எளிதில் உச்சரிக்கத் தக்கதாக இருக்கட்டும். ஆளுக்கொரு செல்லப்பெயர் சொல்லி அழைத்தால் குட்டி குழம்பும். பெயரைச் சொல்லி அழைத்து, வந்தவுடன் தண்டிப்பது ஒருபோதும் ஆகாது. அவ்வாறு ஒருமுறை செய்தாலும், அழைத்தால் வரும் பழக்கம் தளர்ந்துபோகும். ராஜபாளையம் முதலிய வெண்ணிற இனங்களில் பிறவிச் செவிடான குட்டிகள் பிறப்பதுண்டு. குட்டியின் கண்ணில் படாமல் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து, அது திரும்பாவிடின் வைத்தியரிடம் காட்டி, கைச்சாடைகளாலேயே அதனைப் பழக்கவேண்டும்.

வா, உட்கார், இரு, விடு என்னும் நான்கு சொற்களை அறிந்த நாய், வீட்டுக்கு வேண்டிய கல்வியைப் பெரும்பாலும் பெற்றுவிட்டதாகும். நாளொன்றுக்கு ஐந்து ஐந்து நிமிஷமாக இரண்டு மூன்று முறை, பசித்த வேளையில், சொல் ஒன்று செயல் ஒன்று என்ற முறையில் கற்பித்து, சரியாகச் செய்த கணத்திலேயே வெகுமதி தருக. ஒரே கட்டளைக்கு அப்பா ஒரு சொல்லும், பாட்டி ஒரு சொல்லும், பிள்ளைகள் வேறொரு சொல்லும் பயன்படுத்தினால் பயிற்சி பலியாது. சொற்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பது நல்ல உபாயம்.

குழந்தைகளும் விருந்தினரும்

ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் நாயையும், அந்த நாய் எவ்வளவு சாதுவாயினும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தனித்து விடலாகாது. உண்ணும் நாயை, உறங்கும் நாயை, குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் நாயைத் தொடக்கூடாது என்ற மூன்று விதிகளைக் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவைக்கவேண்டும். உடல் விறைத்து நிற்பதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெண்மை தெரியக் கடைக்கண்ணால் நோக்குவதும், உதட்டை நக்குவதும், உறுமுவதும் நாய் தன் அசௌகரியத்தைத் தெரிவிக்கும் மொழி. உறுமியதற்காக நாயை அடிப்பவர், அடுத்தமுறை அது உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்.

விருந்தினருள் நாயைக் கண்டு அஞ்சுபவர் உண்டு. சமய ஆசாரத்தினால் அதன் ஸ்பரிசத்தைத் தவிர்ப்பவரும் உண்டு. கடிக்காது, பயப்படாதீர்கள் என்று அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பதைவிட, அவர் வருமுன் நாயை அதன் இடத்தில் அமர்த்திவிடுவதே பண்பாடு.

தடுப்பூசியும் வைத்தியமும்

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதிலே பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடரவேண்டும். அது முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் இடங்களில் குட்டியை இறக்கி விடாதிருப்பது க்ஷேமம். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியைப் போட்டு, பின்னர் வைத்தியர் குறிக்கும் காலத்திலும், அதன்பின் ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கவேண்டும். குடற்புழு நீக்கும் மருந்து குட்டிப் பருவத்தில் அடிக்கடியும், ஆறு மாதத்துக்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் அளிக்கப்படும். இந்தத் தேதிகளை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்க.

லூயி பாஸ்டர் 1885-ல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். நீலகிரியிலுள்ள குன்னூரில் அவர் பெயரால் 1907-ல் நிறுவப்பட்ட ஸ்தாபனம் அம்மருந்தைத் தென்னாட்டுக்கு வழங்கியது. அன்றிலிருந்து நோயைத் தடுக்கும் வழி நம் கையில் இருக்கிறது. ஆயினும் நோயின் குறிகள் தோன்றிய பிறகு குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், காயத்தை உடனே சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் முதலியவற்றைக் காயத்தில் அப்புவது தீங்கையே விளைக்கும்.

குட்டிகளை விரும்பாதவர் தக்க வயதில் கருத்தடைச் சிகிச்சை செய்வித்துவிடுவது நல்லது. பெண் நாய்க்கு அது கருப்பையில் சீழ் கோத்து உண்டாகும் கொடிய நோயையும் தடுக்கிறது.

கோடையும் தீபாவளியும்

மனிதரைப் போல உடம்பெங்கும் வியர்க்கும் வசதி நாய்க்கு இல்லை; நாக்கை நீட்டி இரைப்பதே அதன் பிரதான குளிர்ச்சி. சப்பை மூக்குடைய பக் நாய்க்கும், அடர்ந்த ரோமமுடைய சீதள தேசத்து இனங்களுக்கும் சித்திரை வைகாசி மாதங்கள் பெரும் சோதனை. நிறுத்திய காரினுள் நாயை ஒரு நிமிஷமும் விடாதீர்கள். இரைப்பு மிகுந்து, எச்சில் வடிந்து, ஈறு கருஞ்சிவப்பாகி, கால்கள் தள்ளாடினால், நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குளிர்ந்த நீரை உடம்பெங்கும் ஊற்றி, விசிறிக்கொண்டே வைத்தியரிடம் விரைக.

மனிதரைக் காட்டிலும் மிக உயர்ந்த அதிர்வுடைய ஒலிகளையும் கேட்கவல்ல நாய்க்குத் தீபாவளி வெடியோசை பெருந்துன்பம். அன்று உலாவை விடியுமுன்னரே முடித்து, உட்புறத்து அறை ஒன்றின் ஜன்னல்களை மூடி, மின்விசிறியையோ வானொலியையோ ஓடவிட்டு, பழகிய ஒருவர் உடனிருப்பது நலம். கதவு திறந்திருந்தால் அச்சத்தில் ஓடித் தொலைந்துபோகும் நாய்கள் பலவாதலால், கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண்ணைப் பொறித்து வைக்க மறவாதீர்கள்.

முதுமை

ஏழெட்டு வயதைக் கடந்த நாயை முதியதென்றே கொண்டு, ஆண்டுக்கு இருமுறை வைத்தியப் பரிசோதனை செய்விக்கவேண்டும். வழுவழுப்பான மொசைக்குத் தரையிலும் கிரானைட்டுத் தரையிலும் அதன் பின்னங்கால்கள் சறுக்கும். நடக்கும் வழியில் தேங்காய்நார் விரிப்பு இட்டால் அச்சமின்றி எழுந்து நடக்கும். கண் மங்கிய நாய், வீட்டிலுள்ள சாமான்களின் இடத்தை நினைவிலே கொண்டு நடமாடுகிறது. ஆகவே மேசை நாற்காலிகளை இடம் மாற்றாதீர்கள். இளமையில் நாம் அமைத்துக் கொடுத்த நியமம் முதுமையில்தான் அதற்குப் பெருந்துணையாகிறது: பார்வை குன்றினும், செவி குன்றினும், உணவு எப்போது எங்கே வரும், உலா எப்போது நிகழும் என்பதை அது அறிந்திருக்கிறது. தீராத நோயால் வேதனை மிகுந்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர் உரைக்கும் நாள் வருமாயின், அதன் இறுதி வரை பழகிய கை ஒன்று அதன்மேல் இருக்கட்டும்.

கடமைப் பங்கீடு

நாயின் ஆயுள் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு ஆண்டு. இவ்வளவு காலத்துக்கும் நித்தம் நடைபெறவேண்டிய காரியங்களையே மேலே கூறினோம். ஆதலால், நாயைக் கொணர விரும்பும் வாசகர், குட்டியைப் பார்க்கப் புறப்படுமுன், வீட்டார் அனைவரையும் கூட்டி ஒரு தாளை எடுத்து, காலை உலா யாருடையது, மாலை உலா யாருடையது, சமைப்பவர் யார், சீப்பால் வாருபவர் யார், வைத்தியரிடம் கொண்டுசெல்பவர் யார், குடும்பம் வெளியூர் போகும்போது உடனிருப்பவர் யார் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரை எழுதுக. பெயர் விழாத வரி ஒன்றேனும் எஞ்சியிருந்தால், அது நிரம்பும்வரை நாயைக் கொணராதிருங்கள். எல்லா வரிகளும் நிரம்பிவிட்டால், தயங்காமல் கொணர்ந்து, எழுதியபடியே நாள் தவறாமல் நடந்துவாருங்கள்.